கட்டி என்றால் எந்தக் கட்டி?

தமிழில் உடம்பில் எது வீங்கினாலும் கட்டிதான். மூளையில் இருந்தாலும் கட்டி, பிடரியில் இருந்தாலும் கட்டி. கத்திரி வெயிலில் வந்தால் வேனல் கட்டி. எது சீழ் வைத்தாலும் புண். எது அரித்தாலும் சிரங்கு. வீட்டுக்குள் பேசிக்கொள்ள இந்த மூன்று சொற்கள் போதும். மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துப் பற்றுப் போட்ட பாட்டிகள் இது எந்தக் கட்டி என்று கேட்டதில்லை. கேட்டிருந்தாலும் பற்று அதேதான்.

இதை வைத்துத் தமிழுக்கு நுணுக்கம் போதாது என்று முடிவு கட்டிவிட வேண்டாம். தேடினால் சொற்கள் இருக்கின்றன. இமை ஓரத்தில் வருவது கண்கட்டி. நகத்தின் ஓரத்தில் வந்தால் நகச்சுற்று. பிடரியிலோ முதுகிலோ பல கண்களோடு வந்து ஆளையே சாய்த்துவிடுவது பிளவை. அதிலும் பெரியது ராஜபிளவை. சொன்னவுடனே இடமும் உருவமும் தெரிந்துவிடுகின்றன. பழைய வைத்தியர்களுக்குத் தெரிய வழியில்லாமல் போனது ஒன்றுதான். இந்த மூன்றுக்கும் பெரும்பாலும் காரணம் ஒரே கிருமி: ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸ்.

இதையெல்லாம் நான் யோசிக்க நேர்ந்தது பிழைப்பின் காரணமாக. தமிழில் முதுகலை முடித்துவிட்டு, தில்லியில் பத்திரிகைகளுக்கு எழுதியும் மொழிபெயர்த்தும் காலம் தள்ளுகிறவள் நான். 2022இல் சென்னையிலிருந்து ஒரு பயிற்சி நிறுவனம் கூப்பிட்டது. தமிழ்வழியில் படித்த பட்டதாரிகளுக்கு மெடிக்கல் கோடிங் சொல்லித்தருகிறார்கள். ஆங்கிலப் பாடத்துக்குப் பக்கத்தில் வைத்துப் படிக்கத் தமிழ் விளக்கம் வேண்டும். எனக்கு வந்த பகுதி தோல்.

மெடிக்கல் கோடிங் என்பதும் மொழிபெயர்ப்புதான். டாக்டர் எழுதிய வாக்கியத்தை எண்ணாக மாற்ற வேண்டும். அதற்கான அகராதி, ஐசிடி என்று அழைக்கப்படும் சர்வதேச நோய் வகைப்பாடு. 1893இல் ஜாக் பெர்டியோன் என்ற பிரெஞ்சுப் புள்ளியியல் அறிஞர் மரணத்தின் காரணங்களுக்காகத் தயாரித்த பட்டியலிலிருந்து வளர்ந்தது இது. இதன் பத்தாவது பதிப்பை உலக சுகாதார சபை 1990இல் ஏற்றுக்கொண்டது. பதினொன்றாவது பதிப்பு 2022 ஜனவரி 1 முதல் அமலுக்கு வந்துவிட்டது. ஆனால் நம் மருத்துவமனைக் கோப்புகளிலும் இன்ஷூரன்ஸ் படிவங்களிலும் புழங்குவது இன்னமும் பத்தாவதுதான்.

அதில் தோலுக்கு எல் என்ற எழுத்து. எல்00 என்பது ஸ்டாஃப் கிருமியின் நச்சினால் பச்சைக் குழந்தையின் தோல் வெந்நீர் கொட்டியதுபோல உரிந்துபோகும் நோய். எல்01 இம்பெடைகோ என்ற தோல் தொற்று. எல்02 சீழ்க்கட்டி, கொப்புளம், பிளவை. எல்03 செல்லுலைடிஸ் எனப்படும், தோலுக்கடியில் பரவும் தொற்று. எல்02க்குப் பின்னால் ஒரு புள்ளி வைத்து இடத்தைச் சொல்ல வேண்டும். 0 முகம், 1 கழுத்து, 2 உடற்பகுதி, 3 புட்டம், 4 கை கால். தலைக்கென்று தனி எண் கிடையாது. முகம் நீங்கலாகத் தலை முழுவதும் ‘மற்ற இடங்கள்’ என்ற 8க்குள் அடக்கம். எந்த இடம் என்றே டாக்டர் எழுதாவிட்டால் 9. கோடிங்கில் 9 என்பது பெரும்பாலும் நோயைப் பற்றிய தகவல் அல்ல. எழுதியவரைப் பற்றிய தகவல்.

இதுவரை சொன்னது உருவமும் இடமும். இது நம் பாட்டிகளுக்கும் தெரியும். கிருமிக்குத் தனி எண் உண்டு: பி95.6. இந்த எண் தனியாக நிற்கக்கூடாது என்பது விதி. ஏதாவது ஒரு நோயின் எண்ணுக்குப் பக்கத்தில்தான் வரலாம். பயிற்சி மாணவர்களுக்கு இதை எப்படி விளக்குவது என்று யோசித்தபோது படித்த இலக்கணம் கைகொடுத்தது. பெயரையோ வினையையோ சார்ந்து மட்டுமே வரும் இடைச்சொல் போன்றது பி95.6 என்று எழுதினேன். ஆங்கிலப் புத்தகத்தில் அரைப் பக்கம் எடுத்துக்கொண்ட விஷயம் தமிழில் ஒரு வரியில் முடிந்தது.

எல்லாம் இவ்வளவு சுலபமாக முடியவில்லை. ஃபாலிகுலைடிஸ் என்ற நோய்க்கு ‘மயிர்க்கால் அழற்சி’ என்று எழுதி அனுப்பினேன். “மேடம், கிளாஸில் பசங்க சிரிப்பாங்க” என்று நிறுவனத்திலிருந்து போன். முடிவேர் என்று மாற்றச் சொன்னார்கள். வேர் வேறு, வேர் ஊன்றி நிற்கும் குழி வேறு. கிருமி குடியேறுவது குழியில். வள்ளுவர் கூசாமல் பயன்படுத்திய சொல்லுக்கு நாம் ஏன் கூச வேண்டும் என்று வாதாடி மயிர்க்காலைக் காப்பாற்றினேன். சிரித்தவர்களுக்கு அந்தச் சொல் மறந்திருக்காது என்பது உபரி லாபம்.

கிருமியின் பெயருக்கும் ஒரு கதை உண்டு. 1880இல் ஸ்காட்லாந்தின் அபெர்டீன் நகரில் அலெக்சாண்டர் ஆக்ஸ்டன் என்ற அறுவை சிகிச்சை டாக்டர், நோயாளிகளின் கட்டியிலிருந்து எடுத்த சீழை மைக்ராஸ்கோப்பில் பார்த்தார். உருண்டை உருண்டையாகக் கிருமிகள் கொத்துக்கொத்தாகத் தெரிந்தன. கிரேக்க மொழியில் திராட்சைக் கொத்துக்கு ஸ்டாஃபிலே என்று பெயர். 1882இல் அதையே கிருமிக்குச் சூட்டினார். இரண்டு ஆண்டுகள் கழித்து ரோசன்பாக் என்ற ஜெர்மன் டாக்டர், பொன்னிறத்தில் வளரும் வகைக்கு ஆரியஸ் என்ற பெயரைச் சேர்த்தார். ஆரியருக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. லத்தீனில் பொன் என்று அர்த்தம். தமிழில் பொன்திராட்சை என்று வைக்கலாமா என்று ஒரு நிமிடம் சபலம் தட்டியது. நகைக்கடைப் பெயர்போல இருந்ததால் விட்டுவிட்டேன்.

இந்தப் பொன்திராட்சை எங்கிருந்தோ வருவதில்லை. ஏறக்குறைய மூன்றில் ஒருவரின் மூக்கினுள் எந்தத் தொந்தரவும் செய்யாமல் வசிக்கிறது. மூக்கைத் தொட்ட விரல் தலையைச் சொறியும்போதோ, சவரக் கத்தி பட்ட கீறலிலோ அதற்கு வாசல் கிடைக்கிறது. அப்புறம் அது எவ்வளவு ஆழம் இறங்குகிறது என்பதைப் பொறுத்துப் பெயர் மாறுகிறது.

மயிர்க்காலின் மேல்வாயிலேயே நின்றுவிட்டால் சின்னஞ்சிறு சீழ்ப்பொட்டு. உற்றுப் பார்த்தால் நடுவில் ஒரு முடி ஊடுருவி நிற்கும். இதுதான் ஃபாலிகுலைடிஸ். பெரும்பாலும் தானே ஆறிவிடும். குழியின் அடிவரை இறங்கினால் வலிக்கிற கொப்புளம். நாலைந்து நாளில் பழுத்து, உடைந்து, உள்ளிருந்து முளை வெளிவரும். பக்கத்துப் பக்கத்து மயிர்க்கால்கள் அடியில் கைகோத்துக்கொண்டு பல வாய்களில் சீழ் கசிந்தால் பிளவை. சர்க்கரை வியாதிக்காரர்களை இது அதிகம் தேடி வரும், காய்ச்சலும் சேர்ந்துகொள்ளும். மூக்கைச் சுற்றியும் வாயைச் சுற்றியும் குழந்தைகளுக்குத் தேன் உறைந்தாற்போல மஞ்சள் பொருக்குத் தட்டினால் இம்பெடைகோ. இதில் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்ற இன்னொரு கிருமியும் கூட்டாளி. எல்லையே இல்லாமல் வீங்கிச் சூடாகப் பரவினால் செல்லுலைடிஸ். ஒரு நாள்கூடக் காத்திருக்கக்கூடாத ரகம் இது. மூக்கிலும் மேலுதட்டிலும் வரும் கொப்புளத்தைப் பிதுக்கவே கூடாது. அங்கிருந்து ரத்தம் திரும்பும் வழி மூளைக்கு அருகே போகிறது.

எனக்கு வந்த பாடத்தில் இவற்றுக்கெல்லாம் வண்ணப் படங்கள் இருந்தன. அத்தனையும் வெள்ளைத் தோல். ‘சிவந்திருக்கும்’ என்று ஒவ்வொரு படத்துக்குக் கீழும் எழுதியிருந்தது. நம் நிறத்தில் சிவப்பு அப்படித் தெரியாது. கறுத்தோ ஊதா படர்ந்தோ தெரியும். சில சமயம் பளபளப்பு மட்டுமே தெரியும். புறங்கையால் தொட்டுச் சூட்டைப் பார்ப்பதும், வீக்கத்தின் ஓரத்தை அழுத்தி வலி எங்கே முடிகிறது என்று பார்ப்பதும் நமக்குக் கண்ணைவிட நம்பகமானவை. நான் கேட்டதன்பேரில் இதை ஒரு குறிப்பாகச் சேர்க்க நிறுவனம் ஒப்புக்கொண்டது.

தலையில் இன்னொரு சிக்கல் உண்டு. முடி மறைத்துக்கொள்வதால் பார்ப்பது கஷ்டம். பார்த்தாலும் வேறு நோய்கள் ஸ்டாஃபைப் போலவே வேஷம் போடும். பள்ளிக்கூடப் பெண்குழந்தைக்குப் பின்கழுத்தருகே சீழ்ப்பொட்டுகளும் நெறிகட்டுதலும் அடிக்கடி வந்தால், ஸ்டாஃப் இரண்டாவது விருந்தாளி. முதல் விருந்தாளி பேன். சொறிந்த இடத்தில்தான் கிருமி நுழைந்திருக்கிறது. பேனைக் கவனிக்காமல் ஆண்டிபயாடிக் மட்டும் கொடுத்தால் அடுத்த மாதமும் அதே சீட்டு. கோடிங்கில் இதற்கு இரண்டு எண் வேண்டும்: பேனுக்கு பி85.0, புண்ணுக்கு இன்னொன்று.

இதைவிட மோசமான வேஷம் ஒன்றை என் வீட்டு வாசலிலேயே பார்த்தேன். மயூர் விஹாரில் நாங்கள் இருக்கும் குடியிருப்பில், படிக்கட்டுக்குக் கீழே மேஜை போட்டு இஸ்திரி போடுகிறவர் உத்தரப் பிரதேசத்துக்காரர். அவருடைய ஏழு வயது மகனுக்கு உச்சந்தலையில் எலுமிச்சம்பழ அளவு வீக்கம். தொட்டால் சேற்றை அமுக்குவதுபோல அமுங்கியது. அங்கங்கே சீழ். “பால்தோட்” என்றார் அப்பா. இந்தியில் அழகான சொல் அது. பால் என்றால் முடி. தோட் என்றால் முறிவு. முடி முறிந்து மயிர்க்காலில் வந்த கட்டி என்று பிறந்த இடத்தையே சொல்லிவிடுகிற பெயர். அழகான சொல்தான், ஆனால் இந்தப் பையனுக்குப் பொருந்தாத சொல். தெருமுனைக் கிளினிக்கில் அந்தப் பெயரை நம்பிக் கீறிவிட்டார்கள். சீழ் சொட்டுதான் வந்தது. இரண்டு தடவை ஆண்டிபயாடிக் சாப்பிட்டும் வீக்கம் குறையவில்லை. சுற்றிலும் முடி உதிர்ந்தது.

ஒரு அரசு மருத்துவமனையின் தோல் பிரிவுக்கு அவர்களுடன் நானும் போனேன். இளம் டாக்டர் ஒருவர் இடுக்கியால் வீக்கத்தின் மேலிருந்த முடி ஒன்றை இழுத்தார். பையன் முகம் சுளிக்கவில்லை. முடி வெண்ணெயிலிருந்து வருவதுபோல வந்தது. “ஸ்டாஃப் கட்டியாக இருந்தால் இவன் இந்நேரம் கத்தியிருப்பான்” என்றார். முடியைக் கண்ணாடித் துண்டில் வைத்து பொட்டாசியம் ஹைட்ராக்ஸைடு சொட்டிப் பார்த்தார்கள். காளான். படர்தாமரை வகையைச் சேர்ந்த தொற்று, தலையில் கோபம் கொண்டு இப்படி வீங்கும். கேரியான் என்று பெயர். கத்தி தேவையே இல்லை. வாய்வழி மாத்திரை பல வாரங்கள். பையனுக்குச் சரியாயிற்று. கீறிய இடத்தில் மட்டும் ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்கு முடி முளைக்கவில்லை. இனி முளைக்கப் போவதும் இல்லை. அவன் நோயின் எண் பி35.0. கிளினிக்கில் யாராவது எண் எழுதியிருந்தால் எல்02.8 என்றிருக்கும். தப்பான பெயர் முதலில் கத்தியைக் கொண்டுவந்தது. அப்புறம் தேவையில்லாத ஆண்டிபயாடிக்கை.

சரியான பெயரை எழுதாமல் விடுவது இதற்குச் சளைத்ததில்லை என்பதைச் சித்தப்பா மூலம் தெரிந்துகொண்டேன்.

கும்பகோணத்தில் பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். பதினைந்து வருஷமாகச் சர்க்கரை. 2023 மே மாதம் சித்தியோடு பத்ரிநாத் போகிற வழியில் எங்கள் வீட்டில் தங்கினார். வந்த வாரமே பிடரியில் வலி என்றார். மூன்றாம் நாள் சட்டைக் காலர் பட்டால் துடித்தார். காய்ச்சலும் வந்துவிட்டது. பக்கத்தில் இருந்த தனியார் மருத்துவமனைக்கு அழைத்துப்போனோம். அவசரப் பிரிவு டாக்டர் குனிந்து பார்த்துவிட்டு நர்ஸிடம், “படா போடா ஹை” என்றார். சித்தப்பா என் பக்கம் திரும்பினார். “ஏம்மா, வயசுக்காவது மரியாதை வேண்டாமா? போடாங்கறான்?” இந்தியில் கட்டிக்குப் பெயரே அதுதான் என்று சொல்லிச் சமாதானப்படுத்தினேன். அந்த நிலைமையிலும் சித்தி சிரித்துவிட்டார்.

பிளவைதான். கீறிச் சீழை வெளியேற்றி, சாம்பிளைக் கல்ச்சருக்கு அனுப்பி, ஐந்து நாள் வைத்திருந்து அனுப்பினார்கள். சிகிச்சையில் குறை சொல்ல எதுவுமில்லை. குறை டிஸ்சார்ஜ் சம்மரியில் இருந்தது. நோய் என்ற இடத்தில் இரண்டே சொற்கள்: தோல் தொற்று. அதற்கு எண் எல்08.9. பத்து நாள் கழித்து, பெங்களூரில் வேலை பார்க்கும் மகனின் அலுவலக இன்ஷூரன்ஸிலிருந்து கேள்வி வந்தது. ஒரு தோல் தொற்றுக்கு ஐந்து நாள் படுக்கை எதற்கு? கேட்டவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. அந்த எண்ணைப் பார்த்தால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும்.

கோப்பைப் புரட்டினேன். கடைசித் தாளாகக் கல்ச்சர் ரிப்போர்ட். ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸ் என்று இருந்தது. கீழே மருந்துகளின் பட்டியலில் செஃபாக்ஸிடின் என்பதற்கு நேராக ‘எதிர்ப்பு’. பாடத்தை மொழிபெயர்த்திருந்ததால் அந்த ஒரு வரியின் அர்த்தம் எனக்குத் தெரிந்தது. மெத்திசிலின் என்ற மருந்து 1959இல் வந்தது. பெனிசிலினுக்கு அடங்காத ஸ்டாஃபை அடக்குவதற்காக. 1961லேயே அதற்கும் அடங்காத கிருமி இங்கிலாந்தில் தென்பட்டுவிட்டது. அதுதான் எம்ஆர்எஸ்ஏ. இன்று மெத்திசிலினை யாரும் நோயாளிக்குக் கொடுப்பதில்லை. பரிசோதனைக்கூடத்தில் அதன் இடத்தில் செஃபாக்ஸிடினை வைத்துப் பார்க்கிறார்கள். மருந்து போய்விட்டது, எதிர்ப்புக்கு மட்டும் அதன் பெயர் தங்கிவிட்டது. செஃபாக்ஸிடினுக்கு எதிர்ப்பு என்றால், வழக்கமாக முதலில் எழுதப்படும் அந்த வகை மருந்துகள் பெரும்பாலும் இந்தக் கிருமியிடம் பலிக்காது.

மருத்துவமனையின் ஆவணப் பிரிவுக்குப் போனேன். கோடிங் செய்தவர் கேரளத்துப் பெண். இருபத்தைந்து வயதிருக்கும். தமிழும் மலையாளமும் கலந்து பேசினோம். அவர் பிளவையைப் பரு என்றார். தமிழில் முகத்தில் வரும் பருவுக்கு உள்ள அதே சொல், மலை தாண்டினால் சீழ்க்கட்டியாகிவிடுகிறது. ரிப்போர்ட்டைக் காட்டினேன். “நான் கண்டது தன்னே, சேச்சி. பட்சே டாக்டர் எழுதாததை நான் கோட் பண்ணக்கூடாது. லேப் ரிப்போர்ட்டை நான் வாசிச்சு நோய் சொல்லக்கூடாது” என்றார். அவர் சொன்னதுதான் விதி. நானே அதை மாணவர்களுக்காகத் தமிழில் எழுதியிருந்தேன். கோடிங் செய்கிறவர் டாக்டர் அல்ல. எழுதாதது அவரைப் பொறுத்தவரை நடக்காதது. மூலத்தில் இல்லாத வாக்கியத்தைச் சேர்க்க மொழிபெயர்ப்பாளருக்கு உரிமை இல்லாததுபோலத்தான்.

டாக்டரைப் பார்க்க இரண்டு நாள் அலைய வேண்டியிருந்தது. பார்த்ததும் தயங்காமல் திருத்தி எழுதிக்கொடுத்தார். பிடரியில் பிளவை, காரணம் மெத்திசிலினை எதிர்க்கும் ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸ், இரண்டாம் வகைச் சர்க்கரை நோய். மூன்றே வரி. எல்08.9 போய் எல்02.1 வந்தது. பக்கத்தில் பி95.6. எதிர்ப்பைக் குறிக்க யு82.1. சர்க்கரைக்கு இ11. இன்ஷூரன்ஸ் பணம் வந்துவிட்டது. அத்தோடு முடிந்தது என்றுதான் எல்லோரும் நினைத்தோம்.

ஆகஸ்டில் கும்பகோணத்திலிருந்து சித்தி போன் செய்தார். சித்தப்பாவுக்குக் குளிர்காய்ச்சல், முதுகு நிமிர முடியவில்லை. தஞ்சாவூரில் ஒரு மருத்துவமனையில் சேர்த்திருந்தார்கள். பிடரி ஆறி மூன்று மாதம் ஆகியிருந்ததால் யாருக்கும் அதன்மேல் சந்தேகம் இல்லை. தில்லியில் பார்த்த காகிதம் ஏதாவது இருக்கிறதா என்று டாக்டர் கேட்டிருக்கிறார். சித்தி நீட்டியது திருத்திய சம்மரியை. அந்த மூன்று வரியைப் படித்ததும், ரத்தத்தைக் கல்ச்சருக்கு எடுத்த கையோடு வான்கோமைசினை ஆரம்பித்துவிட்டார். ரிப்போர்ட் வர இரண்டு மூன்று நாளாகும். அதுவரை வேறு மருந்தில் ஓட்டவில்லை. வந்தபோது அதே கிருமி. பிடரியிலிருந்து ரத்தத்தில் இறங்கி முதுகெலும்பில் போய் உட்கார்ந்திருந்தது. ஆறு வாரம் ஊசி. “தோல் தொற்றுன்னு மட்டும் இருந்திருந்தா நான் வழக்கமான மருந்தில்தான் தொடங்கியிருப்பேன்” என்று அந்த டாக்டர் பிறகு என்னிடம் போனில் சொன்னார். சர்க்கரைக்காரரின் ரத்தத்தில் ஸ்டாஃப் ஓடும்போது இரண்டு நாள் என்பது சின்ன விஷயம் அல்ல. சித்தப்பா இப்போது நடமாடுகிறார். பத்ரிநாத் மட்டும் பாக்கி.

இது ஒரு வீட்டுக் கதை. நாடு முழுக்க இதையே பெருக்கிப் பாருங்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், மருந்துகளை எதிர்க்கும் கிருமிகளைக் கண்காணிக்க 2013இல் ஒரு பரிசோதனைக்கூட வலையமைப்பைத் தொடங்கியது. அதன் கணக்குப்படி, பரிசோதித்த ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸில் எம்ஆர்எஸ்ஏவின் பங்கு 2016இல் 28 சதவிகிதம். 2021இல் 42 சதவிகிதத்தைத் தாண்டிவிட்டது. இந்தக் கணக்கு வருவது பெரும்பாலும் பெரிய மருத்துவமனைகளிலிருந்து. தெருமுனைக் கிளினிக்கில் கீறி, பஞ்சு வைத்து, ஐந்து நாள் மாத்திரை எழுதி அனுப்பும் கட்டிகள் இதில் சேர்வதில்லை. அவற்றின் சீழ் குப்பைக்கூடைக்குப் போகிறது. சீட்டில் நோயின் பெயர்கூட இருப்பதில்லை, எண்ணுக்கு எங்கே போவது?

எனக்கு உறுத்துவது இன்னொன்று. நான் தமிழ்ப்படுத்திய பாடம் நம் நோயாளிகளுக்கானது அல்ல. அமெரிக்கா 2015 அக்டோபர் 1 முதல் பின்பற்றும் தன்னுடைய விரிவான பதிப்புக்கானது. அதில் சுமார் 70,000 எண்கள். உலகப் பதிப்பில் ‘மற்ற இடங்கள்’ என்று ஒதுக்கப்பட்ட தலைக்கு அதில் தனித்தனி எண் உண்டு. தலையில் சீழ்க்கட்டியா, எல்02.811. கொப்புளமா, எல்02.821. பிளவையா, எல்02.831. மருந்துக்கு அடங்கும் ஸ்டாஃபுக்கு பி95.61, அடங்காததற்கு பி95.62. சென்னையிலும் ஹைதராபாத்திலும் ஆயிரக்கணக்கான இளைஞர்கள் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, கடல் கடந்த ஒருவரின் உச்சந்தலைக் கொப்புளத்துக்கு ஆறாவது இலக்கம் வரை துல்லியமாக எண் போடுகிறார்கள். சாயங்காலம் வீடு திரும்பும் வழியில், அவர்கள் தெருவிலேயே ஒருவர் பிடரியில் துணியைச் சுற்றிக்கொண்டு மருந்துக் கடையில், “கட்டிக்கு ஏதாவது கொடுங்க” என்று கேட்டுக்கொண்டிருப்பார். அந்தக் கட்டிக்கு எண் இல்லை. மருந்து மட்டும் கிடைத்துவிடும். கடைக்காரர் கொடுக்கும் களிம்பில் ஸ்டீராய்டும் கலந்திருந்தால் அரிப்பும் சிவப்பும் அடங்கி, பிறகு பார்க்கும் டாக்டரையும் குழப்பும். 2018இல் 14 வகை ஸ்டீராய்டு களிம்புகளைச் சீட்டில்லாமல் விற்கக்கூடாது என்று அரசு உத்தரவு போட்டது. கவுண்டரில் அந்த உத்தரவுக்கு எவ்வளவு மதிப்பு என்பதை நீங்களே பார்த்திருப்பீர்கள்.

திறமை நம்மிடம் இல்லாமலில்லை. கூலி கொடுத்துக் கேட்பவர் இருந்தால் வெளிப்படுகிறது. உள்ளூரில் யாரும் கேட்பதில்லை. கேட்க வேண்டியவர்களில் நோயாளியும் ஒருவர்.

சின்னக் கொப்புளத்துக்கெல்லாம் கல்ச்சர் தேவையில்லை. வெந்நீர் ஒத்தடத்திலேயே பழுத்து உடைந்து ஆறிவிடுபவை ஏராளம். ஆனால் கீறிச் சீழ் எடுக்கிறார்கள் என்றால், காய்ச்சல் இருக்கிறது என்றால், சர்க்கரை இருக்கிறது என்றால், போன மாதம் வந்தது மறுபடியும் வந்திருக்கிறது என்றால், கேட்கத்தான் வேண்டும். சீழைக் கல்ச்சருக்கு அனுப்பினீர்களா? ரிப்போர்ட்டில் என்ன வந்தது? அதைச் சம்மரியில் எழுதிவிட்டீர்களா? டாக்டரிடம் கேள்வி கேட்பது மரியாதைக் குறைவு என்ற எண்ணம் நம்மவர்களிடம் அதிகம். நான் பார்த்த டாக்டர்களில் யாரும் இதற்குக் கோபித்துக்கொள்ளவில்லை. அவசரத்தில் விட்டுப்போனதை எழுதிக்கொடுக்க அவர்களுக்கு ஒரு நிமிடம் போதும்.

எங்கே, எது, எதனால். ஒரு தோல் தொற்றின் எண்ணுக்குள் இருப்பது இந்த மூன்று கேள்விகள்தான். மயிர்க்காலுக்காக என்னோடு சண்டை போட்ட நிறுவனம், பாடப் புத்தகத்தின் பின்னட்டையில் இந்த மூன்று சொற்களைக் கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறது. முதல் இரண்டுக்கும் தமிழில் எப்போதோ பெயர் வைத்துவிட்டோம். மூன்றாவதுக்குப் பரிசோதனைக்கூடத்திலிருந்து விடை வந்துவிடுகிறது. அது கோப்பின் கடைசித் தாளிலேயே தங்கிவிடக்கூடாது, அவ்வளவுதான்.